ஆழாக்கு மணல் ஏற்றிய லாரி

குன்றின் தலையில் வேலூன்றி நிற்கும் பெருமானே, கல்லில் உறைகின்றாய். அக்கல்லைச் சுமந்து வருபவன் தோளிலும் உறைகின்றாய். அடியேன் எழுதப் புகுந்தது ஒரு பொம்மை வண்டியின் வரலாறு. அது உன் மலை ஏறிய வண்டி என்பதால் உன் தாளை முன்னிறுத்தித் தொடங்குகிறேன். சொல் வழுவாமல் உடன் நின்று காத்தருள்க.

இன்று ஆவணி மூலம். ஆலவாய்ப் பெருமான் கூலியாளாய் வந்து கூடையில் மண் சுமந்த நாள் என்று நம் முன்னோர் போற்றிய திருநாள். மண் சுமக்க விரும்பிய ஒருவரைப் பற்றி எழுத இதனினும் ஏற்ற நாள் எனக்குத் தோன்றவில்லை.

அவர் என் மனைவியின் அண்ணன். வளைகுடா நாடொன்றில் நெடுங்காலம் கனரக லாரி ஓட்டியவர். மனைவியை இழந்தவர், மக்கட்பேறு இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வேலையை விட்டு ஊர் திரும்பியபோது, அஸ்தினாபுரத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் வந்து தங்கினார். நான் அப்போது தாம்பரத்தில் ஓர் அலுவலகத்தில் பணியில் இருந்தேன். அவரை நான் மச்சான் என்றும், அவர் என்னை மாப்ளே என்றும் அழைப்பது வழக்கம்.

பாலைவனத்தில் ஒருமுறை புழுதிப் புயலில் அவருடைய லாரி அச்சு வரை புதைந்து, உதவிக்கு ஆளின்றி, தண்ணீரும் தீர்ந்து கிடந்திருக்கிறார். அந்த வேளையில் எங்கள் பகுதிக் குன்றின் மேலிருக்கும் முருகனை நினைத்து ஒரு வேண்டுதல் செய்தார். உயிரோடு ஊர் திரும்பினால் ஒரு லோடு மணலைத் தன் கையால் ஓட்டிச் சென்று கோயில் திருப்பணிக்குச் சேர்ப்பதாக. காப்பாற்றப்பட்டார். ஊருக்கும் வந்தார். ஆனால் வந்த சில மாதங்களிலேயே, ஆண்டுக்கணக்கில் இருக்கையில் குலுங்கிய முதுகெலும்பு தன் கணக்கைக் காட்டியது. வலது பாதம் தொங்கிப் போயிற்று. இனி வண்டி ஓட்டவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆக்சிலேட்டரும் பிரேக்கும் வலது காலின் ஆட்சியில் அல்லவா இருக்கின்றன?

நாங்கள் சும்மா இருக்கவில்லை. ஒரு லாரி மணலை அவர் பெயரில் வாங்கிக் குன்றின் அடிவாரத்தில் இறக்கச் செய்தேன். கோயிலுக்கு லாரி ஏறும்படி ஒரு மண்பாதை வெட்டியிருந்தார்கள்; அதை முந்தைய மழை அரித்துவிட்டது. பெரிய வண்டி எதுவும் அடிவாரத்தைத் தாண்டவில்லை. மணலும் செங்கல்லும் கீழே குவிந்து கிடக்கும். மலையேறும் அடியார்கள் ஆளுக்கொரு செங்கல்லோ ஒரு சட்டி மணலோ எடுத்துச் சென்று மேலே சேர்ப்பார்கள். இந்த விவரத்தை வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் முகம் தெளியவில்லை.

"மணல் அனுப்புறேன்னு நான் சொல்லல மாப்ளே. நானே ஓட்டிட்டு வரேன்னு சொன்னேன்."

"ஆண்டவனுக்குத் தெரியாதா மச்சான், உங்க நிலைமை?"

"தெரியும். அதனாலதான் கால எடுத்துக்கிட்டாரு. சொன்ன சொல்ல தள்ளிப் போட்டேன் இல்ல?"

இதை அவர் சினந்தோ அழுதோ சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்பதைப் போலச் சொன்னார். அந்த அமைதிதான் எங்களை வாட்டியது. அன்றிலிருந்து அவர் மாடியைவிட்டு இறங்கவில்லை. பூசை அறைக்கு அழைத்தாலும், தீராத வேண்டுதலோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு நிற்பது என்பார். இறைவன் அவ்வாறு காலைப் பறிப்பவன் அல்லன் என்று நான் அறிந்த திருப்பாடல்களையெல்லாம் கொண்டு விளக்கினேன். கேட்டுக்கொண்டார். அவ்வளவுதான்.

அவருடைய பெட்டியில் ஒரு ரிமோட் லாரி இருந்தது. முழங்கை நீளம், மஞ்சள் நிறம், பின்புறம் திறந்த தொட்டி. யாருக்கு வாங்கினீர்கள் என்று என் மனைவி முன்பே கேட்டதுண்டு. "எனக்குத்தான். லீவு நாள்ல ஓட்ட" என்றாராம். ஒரு காலை நான் மாடிக்குச் சென்றபோது அந்த லாரி அவருடைய கட்டிலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. ரிமோட்டில் இரண்டு குச்சிகள். இடப்பக்கக் குச்சி முன்னும் பின்னும் செலுத்தும், வலப்பக்கக் குச்சி திருப்பும். வலது காலின் வேலை இடக்கைக் கட்டைவிரலுக்கு வந்திருந்தது.

"இது மலை ஏறுமா மாப்ளே?" என்றார்.

விளையாட்டாகக் கேட்டாரோ என்று அவர் கண்ணைப் பார்த்தேன். விளையாட்டில்லை.

என் மனைவிக்கு இது பொறுக்கவில்லை. "சாமிகிட்ட பொம்ம வெச்சு விளையாடப் போறீங்களா ரெண்டு பேரும்? பாக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா அண்ணா?"

"சிரிக்கட்டும்மா. இத்தன வருஷமா லாரிக்காரன்னா திட்டத்தான் செஞ்சாங்க. சிரிச்சா நல்லதுதானே."

அவளுடைய கலக்கம் நியாயமானது என்பதால் நான் கோயிலுக்குச் சென்று குருக்களிடமே கேட்டேன். அவர் பஞ்சபாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே சொன்னார்: "அணில் ஒட்டிண்டு வந்த மணலையே வாங்கிண்ட தேசம் சார் இது. லாரி பெருசா இருந்தா என்ன, சின்னதா இருந்தா என்ன? சன்னதி வாசப்படிய மட்டும் தாண்டப்படாது. ஆயில் ஒழுகும்." இதை வீட்டில் சொன்னபின் அவள் எதிர்க்கவில்லை. வரும் கார்த்திகை விரத நாளுக்கு ஏறுவதென்று முடிவாயிற்று.

அந்த வண்டி சமதரையில் ஓடப் பிறந்தது. எங்கள் வீட்டெதிரே வீடு கட்டாத மனை ஒன்று, கருங்கல் ஜல்லியும் செம்மண் மேடுமாகக் கிடந்தது. அதில் விட்டுப் பார்த்தபோது முதல் மேட்டிலேயே சக்கரம் வழுக்கிச் சுழன்றது. வயிறு கல்லில் தட்டி நின்றது. மைத்துனர் மாடிக் கைப்பிடிச் சுவருக்கருகில் நாற்காலி போட்டு அமர்ந்து பார்த்தார். "டயரு மொழுமொழுன்னு இருக்கு. ஹைட்டு பத்தாது. மொதல்ல இத ரெண்டையும் பாக்கணும்" என்றார். நெடுநாளைக்குப் பின் அவர் குரலில் ஒரு வேகம் கேட்டது.

மறுநாள் குரோம்பேட்டையில் ஒரு சைக்கிள் கடையில் பழைய டயரும் டியூபும் வாங்கி வந்தேன். டியூபை வளையமாக வெட்டிச் சக்கரங்களின் மேல் இறுக்கி மாட்டினார். பின் டயரின் தடித்த பகுதியிலிருந்து சிறு பட்டைகள் நறுக்கி, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் தடவி, அந்த வளையத்தின்மேல் குறுக்கும் சாய்வுமாக ஒட்டினார். டிராக்டர் சக்கரம் போல ஆயிற்று. குழாய்க்குப் போடும் ரப்பர் வாஷர்களை அச்சுக்கும் உடலுக்கும் இடையே அடுக்கி வயிற்றை உயர்த்தினார். எண்ணெய் டின்னை வெட்டி, விளிம்பு மடித்து, பல்சக்கரப் பெட்டிக்கு அடியில் கவசமாகக் கட்டினார். கல்லில் தட்டினால் சறுக்கிக்கொண்டு ஏறட்டும் என்று. உள்ளே மின்கம்பிகள் கூடும் இடத்தைப் பாலிதீன் உறையால் சுற்றிக் கறுப்பு டேப்பால் மூடினார். வளைந்திருந்த ஏரியலுக்குப் பதிலாகக் கிழிந்த குடையின் கம்பி ஒன்று நின்றது.

"ஏத்தத்துல மூக்கு தூக்கும் மாப்ளே. வெயிட்டு முன்னாடி வரணும்" என்று சொல்லி, முன்புறம் ஈயத் துண்டுகளை வைத்துக் கட்டினார். தொட்டியிலும் ஒரு மரத்தடுப்பு வைத்து, மணல் பின்னுக்குச் சரியாமல் ஓட்டுநர் அறைப் பக்கமே நிற்கும்படி செய்தார். எவ்வளவு ஏற்றலாம் என்று கூட்டிக் குறைத்துப் பார்த்தோம். அரைக்கால் படி, அதாவது ஓர் ஆழாக்கு மணலுக்குமேல் ஏற்றினால் மோட்டார் சுட்டது. ஆழாக்கு என்று நிலைத்தது.

இறுதியாக உயவு போட வேண்டும். நான் ஒரு டப்பா கிரீஸ் வாங்கி வந்து மேசையில் வைத்தேன். என் மனைவி அதை எடுத்து முகர்ந்தாள்.

"இது எதுல செஞ்சது?"

எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. மாட்டுக் கொழுப்பு கலப்பார்கள் என்று எங்கோ கேட்ட நினைவு மைத்துனருக்கு. மூவரும் அப்போது புலால் தவிர்த்து விரதத்தில் இருந்தோம். கந்தனின் மணல் ஏறப்போகும் வண்டியில் என்னவென்று தெரியாத கொழுப்பைத் தடவ யாருக்கும் மனம் ஒப்பவில்லை. அவள் பூசை அறைக்குச் சென்று விளக்குக்கு ஊற்றும் நல்லெண்ணெயைக் கொண்டுவந்தாள். அவர் இரு கைகளாலும் வாங்கி, பல்சக்கரங்களுக்குத் தாராளமாக விட்டார். மூவருக்கும் மனம் நிறைந்தது.

மறுநாள் மனையில் வெள்ளோட்டம். வண்டி முதல் மேட்டை ஏறியது. இரண்டாம் மேட்டின் பாதியில் பல் கடிப்பதுபோல ஓர் ஓசை எழுப்பி நின்றது. மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அவர் முகம் வெளுத்துப்போயிற்று. இதுவும் அவனுடைய மறுப்பு என்று எண்ணிவிடுவாரோ என எனக்கு அச்சம். வண்டியை எடுத்துச் சென்று அவர் மடியில் வைத்தேன். அடித்தகட்டைக் கழற்றினார். பல்சக்கரங்களின் இடுக்கெல்லாம் செம்மண்ணும் நல்லெண்ணெயும் குழைந்து, அரைத்த துவையல்போல் அடைத்துக் கிடந்தது.

அதைக் கண்டவர் தோள் குலுங்கச் சிரித்தார்.

"பாலைவனத்துல தெறந்து கெடக்கிற பல்லுக்கு எண்ணெய் வுட்டவன நானே திட்டியிருக்கேன் மாப்ளே. மணலப் புடிச்சு வெச்சுக்கும். அது தெரிஞ்சும் ஊத்தினேன் பாரு. சாமி எண்ணெய்னதும் கண்ண மூடிட்டேன்."

"நான்தான் கொடுத்தேன் அண்ணா" என்றாள் என் மனைவி.

"நீ வெளக்குக்குக் குடுக்கறத குடுத்த. வெளக்குக்கு மண்ணு திங்கற வேல இல்ல. இதுக்கு அதான் வேலையே."

மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தினோம். அவர் சொன்னபடி நான் பென்சில் முனையைச் சுரண்டிக் கரித்தூள் எடுத்துத் தந்தேன். ஓவியத் தூரிகையால் பற்களில் உலர்வாகத் தடவினார். அதில் எந்தக் கொழுப்பும் இல்லை, மணலும் ஒட்டாது. மாலையில் அந்த வண்டி மனையின் இரு மேடுகளையும் ஆழாக்கு மணலோடு ஏறி இறங்கியது. அடுத்த வீட்டுச் சுவரில் சாய்ந்து பார்த்திருந்த ஒருவர் கைதட்டினார். மைத்துனர் மாடியிலிருந்து ரிமோட்டை உயர்த்திக் காட்டினார்.

கார்த்திகை நாள் வந்தது. விடிந்து சற்று நேரத்தில் அவரைக் கைத்தாங்கலாக இறக்கி ஆட்டோவில் ஏற்றினோம். எங்கள் திட்டம் எளிது. அவர் அடிவாரத்தில் ஆட்டோவிலேயே அமர்ந்து ஓட்டுவார். பாதை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும்படி குன்றின் முகப்பிலேயே ஏறுகிறது. நான் வண்டியின் அருகே நடந்து செல்வேன், கவிழ்ந்தால் நிமிர்த்துவேன். எதிர் மனையின் அகலம் முழுதும் ரிமோட் வேலை செய்ததைக் கண்டிருந்ததால், கண் காணும் தொலைவெல்லாம் செய்யும் என்று இருந்துவிட்டோம்.

அடிவாரத்து மணற்குவியலில், அவர் பெயரில் இறக்கிய அந்த மணலிலிருந்தே, ஆழாக்கை நிரப்பித் தொட்டியில் கொட்டினேன். வண்டி உறுமிப் புறப்பட்டது. மழை அரித்த ஓடையில் இறங்கி ஏறியது. செங்கல் துண்டுகளில் டின் தகடு உரசிச் சறுக்கியது. முதல் வளைவுக்கு முன் ஒரு பாறை. அதன் நிழலை எட்டியதும் நின்றுவிட்டது.

நான் தட்டினேன், குனிந்து பார்த்தேன். கீழே அவர் குச்சியை அசைப்பது தெரிந்தது. வண்டியைச் சற்றுக் கீழே இறக்கி வைத்தால் உயிர் வந்தது. மேலே வைத்தால் போயிற்று. பழுது இல்லை. அவருடைய விரல் அதுவரைதான் எட்டியது.

இறங்கிச் சென்று சொன்னேன். "ரிமோட்ட என்கிட்ட கொடுங்க மச்சான். நான் மேல கொண்டுபோறேன். உங்க சார்பா ஓட்டினா உங்க கைதானே?"

அவர் பாறையை ஏறிட்டுப் பார்த்தார். அருகில் நின்ற என் மனைவி, "அண்ணா, கஷ்டப்படாதீங்க" என்றாள். அவர் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நல்ல காலைத் தரையில் ஊன்றினார்.

"ஓட்றவன் வண்டியோடதான் போகணும்" என்றார்.

ரிமோட்டுக்கு இரு கையும் வேண்டும். நடக்கக் கைத்தடியும் என் தோளும் வேண்டும். எனவே ஒரு முறை வகுத்துக்கொண்டோம். என் மனைவி தன் கைப்பையின் வாரைக் கழற்றி ரிமோட்டில் கட்டி அவர் கழுத்தில் மாட்டினாள். அவர் நின்று ஓட்டுவார். வண்டி எட்டும் தூரம் ஏறி நிற்கும். ரிமோட்டை மார்பில் தொங்கவிட்டு, தடியை வாங்கி, என் தோளைப் பற்றி, தொங்கும் பாதத்தை இழுத்து வைத்து வண்டிவரை நடப்பார். மீண்டும் நின்று ஓட்டுவார். வண்டி காத்திருக்கும், நாங்கள் போய்ச் சேருவோம். நாங்கள் நிற்போம், வண்டி போகும். பாறையைத் தாண்டும்போது அவர் சட்டை நனைந்திருந்தது.

வழியில் சட்டியோடு ஏறுபவர்கள் ஒதுங்கி நின்றார்கள். மேலிருந்து வெறும் தட்டோடு இறங்கிவந்த சித்தாள் ஒருவர் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டார்.

"இன்னா சார் இது, பொம்ம வண்டில லோடு வந்துகினு கீது?"

"ஆமாம்மா. வழி வுடு. பிரேக் இல்லாத வண்டி" என்றார் மைத்துனர், மூச்சு வாங்கிக்கொண்டே.

"கொத்தனாரு காலைலேந்து மணல் வரல மணல் வரலன்னு பேஜார் பண்ணிகினு கீறாரு. இத்த வெச்சு ஒரு கரண்டி பூசுவாரா?"

"அரைக் கரண்டி பூசட்டும். மீதி அடுத்த டிரிப்புல வரும்."

சித்தாள் சிரித்துவிட்டு, வண்டிக்கு முன்னே கிடந்த பெரிய கற்களைக் காலால் தள்ளிக்கொண்டே எங்களோடு திரும்பி மேலே நடந்தார். அடுத்த செங்குத்தில் வண்டி மூக்கைத் தூக்கியபோது, "புடி சார், புடி சார்" என்று என்னைத்தான் அதட்டினார். பிடிக்கத் தேவையிருக்கவில்லை. ஈயத்தின் கனம் மூக்கை மீண்டும் மண்ணில் அமர்த்தியது.

மேலே கலவைத் திட்டின் அருகே கொத்தனார் காத்திருந்தார். செய்தி எங்களுக்கு முன்பே ஏறியிருந்தது. வண்டியைப் பின்புறமாகக் கலவைக்கு ஒட்ட நிறுத்தவேண்டும். அந்த இடத்தில் மைத்துனர் விரலை எடுத்துவிட்டார்.

"கிளீனர் சொல்லாம நான் ரிவர்ஸ் எடுக்க மாட்டேன் மாப்ளே."

எனக்கு முதலில் விளங்கவில்லை. வண்டிக்குப் பின்னால் நின்று குரல் கொடுக்கும் கிளீனர் நான்தான் என்பது விளங்கியபின் சுற்றிலும் பார்த்தேன். குருக்கள் மண்டபத் தூணருகே நின்றிருந்தார். என் அலுவலகத்தில் உடன் பணியாற்றுபவர் ஒருவரும் குடும்பத்தோடு வந்திருந்தார். நெற்றி நிறைய நீறும் கழுத்தில் உருத்திராக்கமுமாக நான் அந்த வண்டியின் பின்னால் குந்தினேன். தொட்டியின் பக்கத்தை இரு விரலால் தட்டி, "வரலாம், வரலாம்" என்றேன்.

"கேக்கல" என்றார்.

"வரலாம். வரலாம். லெஃப்ட்ல ஒடி. வரலாம். ஹோல்டான்."

வண்டி நின்றது. தடுப்பை எடுத்துத் தொட்டியைக் கவிழ்த்தேன். ஆழாக்கு மணல், வழியில் சிந்தியது போக, சிமெண்டின் மேல் விழுந்தது. கொத்தனார் அதை மட்டும் தனியே ஒரு புரட்டுப் புரட்டி, நீர் தெளித்துக் குழைத்து, மதில் சுவரில் அப்போது வைத்துக்கொண்டிருந்த வரிசையில் பூசி, அதன்மேல் ஒரு செங்கல்லை வைத்துத் தட்டினார்.

மைத்துனர் அந்தச் செங்கல்லை நெடுநேரம் பார்த்தார். பிறகு என் தோளை விட்டுவிட்டு, தடியை மட்டும் ஊன்றி, சன்னதி நோக்கி நடந்தார். நாங்கள் பின்தொடரவில்லை. குருக்கள் தீபம் காட்டினார். மைத்துனர் இரு கைகளையும் கூப்ப முயன்றபோது தடி சரிந்து விழுந்தது. தூணில் சாய்ந்துகொண்டு கூப்பினார்.

வெளியே வந்து படியில் அமர்ந்ததும், "தீர்ந்ததா அண்ணா?" என்று என் மனைவி கேட்டாள்.

"எப்படித் தீரும்? நான் சொன்னது ஒரு லோடு. இது ஒரு ஆழாக்குதான்" என்றார். முகத்தில் மட்டும் முன்பிருந்த சுமை இல்லை. "ஆனா இப்ப வழி தெரிஞ்சுபோச்சு. வண்டி ஏறுது. நானும் ஏறுறேன். மெதுவா லோடு அடிச்சுக்கலாம்."

இறைவன் காலை எடுத்துக்கொண்டான் என்ற பேச்சு அதன்பின் அவர் வாயிலிருந்து வரவில்லை. அடுத்த மாதக் கார்த்திகைக்கும் ஏறினார். பிறகு செவ்வாய்க்கிழமைகளிலும் ஏறினார். டயர்ப் பட்டைகள் தேய்ந்து பலமுறை மாற்றினோம். சித்தாள்கள் அவரை டிரைவர் அண்ணா என்று அழைத்தார்கள். கொத்தனார் சில நாள் வேண்டுமென்றே, "லோடு லேட்டு" என்று கடிந்துகொள்வார். அதற்கு அவர் ரயில்வே கேட் மூடியிருந்ததாக ஒரு பொய் சொல்வார். நான் ஒவ்வொரு முறையும் கிளீனராகச் சென்றேன். திருமுறை ஓதிய வாயால் ஹோல்டான் சொல்வதில் எனக்கு நாளடைவில் ஒரு குறையும் தோன்றவில்லை. தொண்டு என்று அறிந்த சொல்லுக்கு நான் கண்ட மிகத் தெளிவான உரை அதுவே.

திருப்பணி நிறைவுற்றுக் குடமுழுக்கு நடக்கும்வரை அவர் ஓட்டினார். லோடு நிறைந்ததா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. குடமுழுக்கன்று மதிலை ஒட்டிய கூட்டத்தில் நின்று, மேலே தெளித்த புனித நீர் தன்மேல் விழும்படி முகத்தை உயர்த்தி நின்றார்.

இதைப் படிக்கும் அன்பர் யாவர்க்கும் நேர்ந்துகொண்டது நிறைவேறுக. காலால் ஆகாதது கையாலும், கையால் ஆகாதது உடன் நிற்பார் தோளாலும் கைகூடுக. ஏறும் வழியில் மூச்சும், இறங்கும் வழியில் துணையும், எவ்விடத்தும் குன்றுடையான் திருவருளும் உங்கள் இல்லத்தோடு என்றும் நிலைபெறுக.